சைக்கிளா, மோட்டாரா?

நமது நகரங்களின் கடைத்தெருக்களில் சில வருஷங்களாக ஒருவகை வண்டி விற்பனையாகி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பார்வைக்கு அது மோட்டார் சைக்கிள், அல்லது ஸ்கூட்டர். பருத்த டயர், நீண்ட ஆசனம், பெட்ரோல் டாங்கி இருக்கவேண்டிய இடத்தில் அதே வடிவில் ஒரு பெட்டி, முன்புறம் வட்டமான பெரிய விளக்கு ஆகிய யாவும் உண்டு. பெட்ரோல் மாத்திரம் இல்லை. பெட்டிக்குள் இருப்பது பாட்டரி. வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் முதலில் எடுத்துரைப்பது வண்டியின் உறுதியைப் பற்றியன்று. "லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்டர் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், பள்ளிக்கூடப் பையனும் ஓட்டலாம்" என்பதே அவருடைய முதல் வார்த்தை. தோற்றத்தில் மோட்டாராகவும் சட்டத்தில் சைக்கிளாகவும் இருக்கும் இந்த இரட்டை வேஷமே அதன் விற்பனைக்கு மூலதனம். இவ்வேஷத்தைச் சட்டம் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது, அனுமதிப்பது நியாயமா என்பவை ஆராயத் தக்கவை.

வண்டியின் மீது ஜனங்கள் கொண்ட மோகத்தை நாம் பரிகசிக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் உருவத்திலே வாலிப உள்ளத்தைக் கவரும் ஏதோ ஒன்று இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் அதை விரும்புகிறான்; தகப்பனார் அஞ்சுகிறார். இருவருக்கும் சமரசமாக இவ்வண்டி வந்து நிற்கிறது. பையனுக்கு உருவம் கிடைக்கிறது. தகப்பனாருக்கு, "இது வெறும் சைக்கிள்தானே" என்ற ஆறுதல் கிடைக்கிறது. பையன்கள் மட்டுமல்ல. லைசென்ஸ் பெறுவதற்கு அலைய நேரமில்லாத ஸ்திரீகள், வயது முதிர்ந்தோர், வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் கூலித் தொழிலாளிகள் ஆகிய பலருக்கும் இது உண்மையான சௌகரியம். பெட்ரோல் விற்கும் விலையில், வீட்டு மின்சாரத்தைக் கொண்டு சில ரூபாய்ச் செலவில் நாள் முழுவதும் ஓடும் வண்டியை யார்தான் வெறுப்பார்கள்? புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. மின்சார வண்டி பெருகவேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே எல்லைக்கோடு என்றைக்குமே தெளிவாக இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சைக்கிளின் சட்டத்தில் இஞ்சினைப் பொருத்தியதிலிருந்தே மோட்டார் சைக்கிள் தொழில் வளர்ந்தது. பிற்காலத்தில் சென்னைத் திருவொற்றியூரில் வேர்விட்ட என்பீல்டு வண்டியும் இங்கிலாந்திலே ஒரு சைக்கிள் கம்பெனியாரால் 1901-ல் முதலில் செய்யப்பட்டதே. ஐரோப்பாவில் இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் பெருகிய "மோபெட்" என்னும் வண்டியின் பெயரே, மோட்டார் என்ற சொல்லின் தலையையும் பெடல் என்ற சொல்லின் தலையையும் ஒட்டவைத்தது. நமது ஓசூரிலிருந்து 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியை அறியாத தமிழர் இல்லை. பால் கேனும் கீரைக்கட்டும் பள்ளிப் பிள்ளைகளும் அதன்மேல் ஏறாத ஊரில்லை. அதற்கும் ஆரம்பத்தில் பெடல் இருந்தது. ஆயினும் அதைச் சைக்கிள் என்று நமது சட்டம் ஒருநாளும் சொல்லவில்லை. 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இஞ்சினுள்ள வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்று ஒரு தனிப்படி மட்டும் வகுத்தது. நெம்பர் பிளேட் உண்டு; லைசென்ஸ் உண்டு; இன்ஷூரன்ஸும் உண்டு. ஏழைகளின் வண்டி என்பதற்காக அதற்குச் சட்டத்திலிருந்து விடுதலை அளிக்கப்படவில்லை. அதனால் அது விற்காமலும் போகவில்லை.

இனி மின்சார வண்டியின் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இஞ்சினும் உடைய வண்டி மோட்டார் வாகனம் ஆகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. மின்சார மோட்டாருக்குக் கன சென்டிமீட்டர் ஏது? ஆகவே 1989-ம் வருஷத்து மத்திய விதிகளில் வேறு அளவுகோல் சேர்க்கப்பட்டது. மோட்டாரின் முப்பது நிமிஷ சக்தி கால் கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்கு, குறைவாகவும், வண்டியின் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருப்பதாகப் பரிசோதனை ஸ்தாபனம் ஒன்று சோதித்து அத்தாட்சி அளித்தால், அவ்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படமாட்டாது. பெடலை மிதிக்கும்போது மாத்திரம் மோட்டார் துணைசெய்யும் சைக்கிளுக்கும் இதே விதியில் இடம் உண்டு. மிதிப்பது நின்றாலும், 25 கிலோமீட்டரை எட்டினாலும், அதன் மோட்டார் ஓய்ந்துவிடவேண்டும்.

250 வாட், 25 கிலோமீட்டர் என்ற இவ்விரண்டு எண்களும் ஐரோப்பியருடைய சட்டத்திலும் அப்படியே காணப்படுகின்றன. ஆனால் அங்கே அவற்றோடு பிரிக்கமுடியாதபடி ஒரு நிபந்தனை பிணைக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள் என்ற சலுகை, காலால் மிதிக்கிறவனுக்கே. கைப்பிடியைத் திருகியவுடன் தானே ஓடும் வண்டி 25 கிலோமீட்டருக்குள் ஓடினாலும் அச்சலுகையைப் பெறாது. அது வேறு வகுப்பைச் சேர்ந்தது. அதற்குத் தனி அத்தாட்சி வேண்டும். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதுவே முறை. அங்கே பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் மின்சார சைக்கிளை ஓட்டவும் கூடாது. நாமோ எண்களை மாத்திரம் வைத்துக்கொண்டு, மிதித்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எல்லா வண்டிக்கும் விதிக்காமல் விட்டுவிட்டோம். பெடலே இல்லாத, கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற ஸ்கூட்டரும் நம் தேசத்தில் "மோட்டார் வாகனம் அன்று" என்ற அந்தஸ்தைப் பெறுவதற்கு இதுவே காரணம். உயிரை விட்டுவிட்டு உடலைக் கொண்டுவந்த கதை இது.

இருந்தும், வண்டி உண்மையாகவே 25 கிலோமீட்டருக்குள் ஓடுமானால் நாம் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், மின்சார வண்டியின் வேகத்தை இரும்பு தடுக்கவில்லை. கண்ட்ரோலர் என்னும் சிறு மின்கருவி தடுக்கிறது. பெட்ரோல் இஞ்சினைப் பெரிதாக்க வேண்டுமானால் பட்டறை வேண்டும், பாகங்கள் வேண்டும், பணமும் வேண்டும். இங்கேயோ பல வண்டிகளில் ஒரு ஒயரைக் கழற்றினால் போதும். வேறு சிலவற்றில் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தினால் போதும். 25-ல் நின்ற வண்டி 40-க்கும் 50-க்கும் போகிறது. மேலும், "முப்பது நிமிஷ சக்தி" என்பது அரைமணி நேரம் தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தியின் அளவேயொழிய, ஒரு க்ஷணத்தில் மோட்டார் வெளியிடக்கூடிய உச்ச சக்தியின் அளவு அன்று. காகிதத்திலே 250 வாட் என்று எழுதப்பட்ட மோட்டார் மேடு ஏறும்போதும் கிளம்பும்போதும் அதைவிட வெகு அதிகமாக இழுக்கக்கூடும். எழுதப்பட்ட எண் ஒன்று, ஓடுகிற எண் வேறொன்று.

வேகம் இரட்டிப்பானால் மோதலின் வலி இரட்டிப்பாகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, நான்கு மடங்காகும். இது பௌதிக சாஸ்திரத்தின் ஆரம்பப் பாடம். 25-ல் வரும் வண்டியை நிறுத்தப் போதுமான பிரேக், 50-ல் வரும் அதே வண்டியை நிறுத்த ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் எடுத்துக்கொள்ளும். சைக்கிளுக்கென்று செய்த சட்டமும் பிரேக்கும் மோட்டார் சைக்கிளின் வேகத்தில் ஓடுகின்றன. மேலே இருப்பவன் தலையில் கவசமில்லை. சத்தமில்லாமல் வருவதால் பாதசாரிக்கும் எச்சரிக்கை இல்லை.

இது கற்பனை அன்று. 2022-ம் வருஷத்தில் மஹாராஷ்டிர மாகாணத்தின் போக்குவரத்து இலாகா, இப்படித் திருத்தி விற்கப்பட்ட மின்சார வண்டிகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி தனது உத்தியோகஸ்தர்களுக்கு உத்தரவிட்டது. 2023-ல் கேரள மோட்டார் வாகன இலாகா கடைகளிலேயே புகுந்து சோதனை நடத்தியது. லைசென்ஸ் வேண்டாதவை என்று விற்கப்பட்ட வண்டிகள் அனுமதிக்கப்பட்ட சக்தியையும் வேகத்தையும் மீறியவையாக அங்கே அகப்பட்டன. கேரள இலாகா கடையில் தேடியதை நாம் விசேஷமாகப் பாராட்டுகிறோம். சாலை முனையில் நின்று பள்ளிப் பிள்ளைகளை மடக்குவது சுலபம். தவறு பிறந்த இடம் அதுவன்று.

இம்மாதிரி வண்டியின் மோகம் அமெரிக்காவில், அதிலும் காலிபோர்னியாவில், நம்மைவிட முன்னரே தலையெடுத்தது. கடற்கரை ஊர்களில் பள்ளி மாணவர்கள் கூட்டங்கூட்டமாக மோட்டார் சைக்கிள் உருவமுள்ள மின்சார சைக்கிள்களில் திரிவது அங்கே சாதாரணக் காட்சி. அந்த ராஜ்யத்தின் சட்டவரலாறு நமக்குப் பாடமாகத் தக்கது. 2002-ல் அமெரிக்க மத்திய சட்டம், வேலைசெய்யும் பெடலும், 750 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மோட்டாரால் மட்டும் ஓடும்போது மணிக்கு 20 மைலுக்குக் குறைந்த வேகமும் உடைய வண்டியைச் சைக்கிளாகவே விற்கலாம் என்றது. 2015-ல் காலிபோர்னியா மூன்று வகுப்புகளை ஏற்படுத்தியது. மிதித்தால் துணைசெய்து 20 மைலில் நிற்பது முதல் வகுப்பு. கைப்பிடியைத் திருகினாலும் 20 மைல் வரை ஓடுவது இரண்டாம் வகுப்பு. மிதித்தால் 28 மைல் வரை துணைசெய்வது மூன்றாம் வகுப்பு; இதற்குப் பதினாறு வயதும் ஹெல்மெட்டும் கட்டாயம். வகுப்பு எண்ணை வண்டியின் மேலேயே ஒட்டவேண்டும்.

ஏற்பாடு அழகானதே. ஆனால் வியாபாரிகளின் சாமர்த்தியத்தை அது எதிர்பார்க்கவில்லை. ஒரே வண்டியில் பல "நிலை"களை வைத்து, இரண்டாம் வகுப்பு என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். வாங்கியவன் வீட்டுக்குப் போய் ஒரு நிலையை மாற்றினால், எந்த வகுப்பிலும் அடங்காத வேகத்தில் அது ஓடிற்று. "இந்த நிலை தனியார் நிலத்தில் ஓட்டுவதற்கு மாத்திரம்" என்று ஓர் எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என்று எண்ணினார்கள். பதினான்கு வயதுப் பையனுக்குத் தனியார் நிலம் எங்கே இருக்கிறது? கடைசியில் 2024-ல் அந்த ராஜ்யத்துச் சட்டசபை விழித்துக்கொண்டது. 20 மைலுக்கு மேல் மோட்டாரால் மட்டும் ஓடும்படி மாற்றத்தக்கதாகவே தயாரிக்கப்பட்ட வண்டி மின்சார சைக்கிளே அன்று என்று ஒரு சட்டமும், வேகத்தை உயர்த்தும் கருவிகளை விற்கக்கூடாது என்று மற்றொரு சட்டமும் நிறைவேறின. மரின் என்னும் ஜில்லாவில் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் இரண்டாம் வகுப்பு வண்டியை ஓட்டாமல் தடைசெய்து பார்க்கவும் அதிகாரம் வழங்கப்பட்டது. மூன்று வகுப்புகளை ஏற்படுத்தி ஒன்பது வருஷம் கழித்து வந்த ஞானம் இது. அந்த ஒன்பது வருஷத்தை நாமும் செலவழிக்கவேண்டுமா?

மற்றொரு வழியைப் பரீக்ஷித்துப் பார்க்க எண்ணியவர்கள் டச்சுக்காரர்கள். சைக்கிளையே தேசிய வாகனமாகக் கொண்ட நெதர்லாந்தில் பருத்த டயருள்ள மின்சார வண்டிகள் சிறுவர்களிடையே பெருகி, விபத்துகளும் பெருகவே, 2024-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு இவ்வகை வண்டிக்கு மாத்திரம் ஹெல்மெட்டும் பதினான்கு வயது வரம்பும் வேண்டுமென்று தீர்மானித்தது. சட்டத்தில் அவ்வண்டியை எப்படி வருணிப்பது என்ற கேள்வி பிறந்தது. டயரின் அகலத்தைக் கொண்டா? அகலத்தைச் சற்றே குறைத்து அடுத்த மாதம் புது வண்டி வரும். ஆசனத்தின் நீளத்தைக் கொண்டா? அதுவும் அப்படியே. சட்டத்தில் நிற்கக்கூடிய வித்தியாசம் கிடைப்பது அரிது என்று மந்திரியே சொல்லும்படி ஆயிற்று. சீனர்களின் அனுபவம் இன்னும் வேடிக்கையானது. மின்சார சைக்கிள் என்றால் பெடல் இருந்தே தீரவேண்டும் என்று 2018-ல் அவர்கள் வகுத்த தேசிய விதி சொல்லிற்று. பெடலும் வந்தது, யார் மிதித்தார்கள்? 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய விதியில், பெடல் வைப்பதும் வைக்காததும் தயாரிப்போர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

உருவத்தைக் கொண்டும் உறுப்பைக் கொண்டும் வண்டியை வகைப்படுத்த முயன்றவர்கள் எல்லோரும் இடறி விழுந்திருக்கிறார்கள் என்பதை இவற்றால் அறியலாம். ஆகவே, மோட்டார் சைக்கிளைப்போல் இருக்கிறது என்பதற்காக ஒரு வண்டியைத் தடைசெய்யவேண்டும் என்று கூறுவோரோடு நாம் சேரமாட்டோம். சாதுவான வண்டி முரட்டு வேஷம் போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? முரட்டு வண்டி சாதுவேஷம் போடுவதையே தடுக்கவேண்டும். கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. கால் உழைக்காமல் அது ஓடுமா? திறந்துவிட்டால் எவ்வளவு வேகம் போகும்?

இவ்வளவும் வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணுகிற நண்பர்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். இத்தகைய வண்டி ஒரு கிழவியின்மேல் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோதியது மோட்டார் வாகனமானால், மூன்றாம் மனிதருக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு; விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனலுக்குப் போய் அவள் குடும்பத்தார் பரிகாரம் கேட்கலாம். மோதியது மோட்டார் வாகனம் அல்லாததானால் இன்ஷூரன்ஸும் இல்லை, அந்த டிரிபியூனலும் இல்லை. சாதாரண சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்காக வழக்காடவேண்டும். வண்டியின் சொந்தக்காரர் கதி இதைவிட மோசமானது. ஒயர் கழற்றப்பட்டு 25-ஐத் தாண்டிய அதே நிமிஷத்தில் விதியின் பாதுகாப்பு அற்றுப்போகிறது. அவர் வீட்டில் நிற்பது ரிஜிஸ்டர் ஆகாத, இன்ஷூர் செய்யாத மோட்டார் வாகனம். நஷ்டஈடு முழுவதும் அவர் தலையில் விழும். ஓட்டியவன் பதினெட்டு நிரம்பாத மகனானால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, தகப்பனாருக்கே மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. "வெறும் சைக்கிள்தானே" என்று நம்பி வாங்கிய தகப்பனாருக்கு இதை எந்தக் கடைக்காரர் சொன்னார்?

இனி ஆக்ஷேபங்களைக் கவனிப்போம். லைசென்ஸ், ரிஜிஸ்டர் என்று ஆரம்பித்தால் ஏழைகள் அலைக்கழிக்கப்படுவார்கள், லஞ்சத்திற்கு வழி பிறக்கும், மின்சார வண்டியின் வளர்ச்சி குன்றும் என்பர். முதல் இரண்டையும் நாம் அலக்ஷியம் செய்யவில்லை. போக்குவரத்து ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சாப்பாடு கொண்டு செல்லும் தொழிலாளி, வாடகைக்கு எடுத்த வண்டியில் ஒரு நாள் கூலியை இழந்தால் அன்றிரவு அவன் வீட்டில் உலை ஏறாது. ஆனால் மூன்றாவது ஆக்ஷேபம் நிற்காது. மின்சார வண்டிகளை ஊக்குவிக்க 2019-ல் சர்க்கார் வகுத்த மானியத் திட்டத்தில், குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய இருசக்கர வண்டிக்கே மானியம் கொடுத்தார்கள். நெம்பர் பிளேட்டும் லைசென்ஸும் உள்ள அந்த வண்டிகளே இன்று சாலைகளில் லக்ஷக்கணக்கில் ஓடுகின்றன. சட்டத்திற்கு உட்பட்டதால் அவை அழிந்துவிடவில்லை. நேர்மையாக 40 என்று சொல்லி வரியும் இன்ஷூரன்ஸும் செலுத்துகிறவன் பக்கத்திலே, 25 என்று சொல்லி 50-ல் ஓடுகிறவன் ஒன்றும் செலுத்தாமல் போவதுதான் அத்தொழிலுக்குக் கேடு.

நமது யோசனை இது. மிதித்தால் மட்டும் துணைசெய்யும் மின்சார சைக்கிளுக்கு இப்போதுள்ள விடுதலை பூரணமாக நீடிக்கட்டும், அது சைக்கிள்தான். கைப்பிடியைத் திருகினால் ஓடும் வண்டி, வேகம் எவ்வளவு குறைவாயினும், தனி வகுப்பாக இருக்கட்டும். அதற்குப் பதினாறு வயது, தலைக்கவசம், மூன்றாம் மனிதருக்கான சொற்பக் கட்டண இன்ஷூரன்ஸ், கடையிலேயே ஒரே தடவையில் கொடுக்கப்படும் எண் ஆகியவை போதும். ஓட்டிக் காட்டும் பரீக்ஷை வேண்டாம். சாலை விதிகளை அறிந்திருந்தால் போதும். போக்குவரத்து ஆபீஸுக்கு ஒருவரும் நடக்கவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது.

பரிசோதனையின் முறையும் மாறவேண்டும். புனாவிலும் மானேசரிலும் நமது ஓரகடத்திலும் உள்ள பரிசோதனை நிலையங்கள், தயாரிப்பவர் கொண்டுவந்து நிறுத்தும் வண்டியை அவர் கொண்டுவந்த நிலையிலேயே ஓட்டிப் பார்த்தால் போதாது. எளிதில் கழற்றக்கூடிய ஒயர்களைக் கழற்றி, மாற்றக்கூடிய நிலைகளை மாற்றி, அப்பொழுது சக்கரம் எவ்வளவு வேகம் சுழல்கிறது என்று அளக்கவேண்டும். அந்த வேகமே வண்டியின் வேகம். பிறகு கடையிலிருந்து, முன்னறிவிப்பின்றி, ஒரு வண்டியை எடுத்துவந்து மறுபடியும் அளக்கவேண்டும். சட்டத்திற்கு மாறாக விற்கும் தயாரிப்பாளருக்கும் வியாபாரிக்கும் வண்டி ஒன்றுக்கு ஒரு லக்ஷம் ரூபாய் அபராதம் விதிக்க 182-ஏ பிரிவு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. புதிய ஆயுதம் தேவையில்லை; இருப்பதை உறையிலிருந்து எடுத்தால் போதும்.

ஊர்தோறும் உள்ள பொது ஊழியர்களும் நகரசபை அங்கத்தினர்களும் சர்க்காருக்காகக் காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தங்கள் கடைத்தெருவில் இவ்வண்டி விற்கும் கடைக்குச் சென்று, பரிசோதனை ஸ்தாபனத்தின் அத்தாட்சியைக் காட்டும்படி கேட்கட்டும். அத்தாட்சியிலுள்ள மாடலின் பெயரும் வண்டியிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஒரு வண்டியை வாங்குபவர்போல் ஓட்டிப் பார்த்து, வேகம் 25-ஐத் தாண்டினால் எழுத்து மூலமாக இலாகாவுக்குத் தெரிவிக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் 199-ஏ பிரிவை ஒருமுறை வாசித்துக் காட்டினாலும் நல்லதே.

ஏற்கெனவே விற்றுப்போன வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தவர்களேயன்றி ஏமாற்றியவர்கள் அல்லர். அவர்கள்மீது உடனே வழக்குத் தொடுப்பது அநியாயமாகும். ஆறு மாத அவகாசம் கொடுத்து, அதற்குள் வண்டியை விற்ற கடைக்கே கொண்டுபோய், கண்ட்ரோலரை அத்தாட்சியில் கண்டபடி திருத்திக்கொள்ளவோ, அல்லது மோட்டார் வாகனமாக ரிஜிஸ்டர் செய்துகொள்ளத் தகுதியுள்ள வண்டியானால் அப்படிச் செய்துகொள்ளவோ வழி செய்யவேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு விற்றவரைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். இரண்டும் இயலாத வண்டிக்கு அவர் விலையைத் திருப்பித் தரவேண்டும்.